கணினிக்குள் ஓர் ஒட்டுண்ணி

கணினியில் நிரல்களை வைத்து நடத்திக் காட்டும் பரிணாமம் பரிணாமமே அல்ல, பொம்மை விளையாட்டு என்பார் என் நண்பர். நான் உடனே டியெரா (Tierra) என்ற கணினிச் சோதனையை இழுப்பேன். உயிரியலாளர் தாமஸ் ரே உருவாக்கிய அந்தச் செயற்கை உலகில், 80 கட்டளைகள் கொண்ட ஒரே நிரல் தன்னைத்தானே நகலெடுத்தது. நகல்களில் பிழைகள் புகுந்தன. அதிலிருந்து 45 கட்டளைகளே உள்ள ஒன்று முளைத்தது. நகலெடுக்கும் பகுதியே அதனிடம் இல்லை. பக்கத்து நிரலுடையதை இரவல் வாங்கிப் பெருகியது. யாரும் எழுதிவைக்காத ஒட்டுண்ணி! பிறகு அதற்கு மசியாத நிரல்களும் தோன்றின.

இதைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நண்பரின் வாதம் வலுப்பது வேறிடத்தில்: அங்கே புரதம் மடிந்து வடிவம் பெறுவதில்லை, கரு வளர்வதில்லை. யானைக்குத் தும்பிக்கை வந்த கதையை டியெராவிடம் கேட்க முடியாது. ஒட்டுண்ணிகள் ஏன் தோன்றுகின்றன என்று தாராளமாகக் கேட்கலாம்.