எடின்பரோவில் பர்ஸைத் திறக்கும் முன்: டன்ஃபெர்ம்லின் நூலகம்

எடின்பரோ கோட்டைக்கு டிக்கெட் எடுத்தாலே அன்றைய பட்ஜெட் பாதி காலி. அந்தக் காசுக்கு ரயில் ஏறிப் பக்கத்து ஊரான டன்ஃபெர்ம்லின் போய்விடலாம். அங்கே பிறந்து அமெரிக்காவில் எஃகுத் தொழிலில் பெரும்பணக்காரரான ஆண்ட்ரூ கார்னெகி, ஊர் ஊராக நூலகம் கட்டப் பணம் கொடுத்தவர். உலகின் முதல் கார்னெகி நூலகம் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

ரயிலில்தான் கோட்டை விடுவார்கள். எடின்பரோவின் வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து ரோசைத் வழியாகப் போகும் வண்டியைப் பிடியுங்கள். கர்க்கால்டி வழி வண்டியில் ஏறினால் ஊரையெல்லாம் சுற்றவேண்டி வரும். இறங்குமிடம் டன்ஃபெர்ம்லின் சிட்டி. 2022 வரை அதற்கு டன்ஃபெர்ம்லின் டவுன் என்று பெயர், பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள். அடுத்த நிறுத்தமான குயின் மார்கரெட்டில் இறங்கிவிட்டால் நடந்தே கால் வலிக்கும். நிலையத்திலிருந்து ஆபட் தெருவுக்கு ஏற்றம்தான், ஆனால் டாக்ஸி வீண்செலவு.

வாசலில் அண்ணாந்து பாருங்கள். உதிக்கும் சூரியனும் 'ஒளி உண்டாகட்டும்' என்ற வாசகமும் செதுக்கியிருக்கும். கார்னெகியின் குலச்சின்னத்தைப் பொறிக்கலாம் என்று கட்டடக்கலைஞர் கேட்டார். நெசவாளி மகனுக்கு ஏது குலச்சின்னம்? சூரியனை வைக்கச் சொல்லிவிட்டார். அவர் கொடுத்தது 8,000 பவுண்டு. 1881-இல் அவருடைய அம்மா மார்கரெட் அடிக்கல் நாட்டினார். 1883 ஆகஸ்ட் 29-இல் திறந்தபோது, வந்த கூட்டத்துக்குப் புத்தகம் போதவில்லை. அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் மொத்தம் 2,500-க்கும் மேல். (அதே மனிதரின் அமெரிக்க ஹோம்ஸ்டெட் உருக்காலையில் 1892-இல் வேலைநிறுத்தம் ரத்தத்தில் முடிந்தது. அதையும் மறக்கவேண்டாம்.)

2017-இல் 1.24 கோடி பவுண்டு செலவில் அருங்காட்சியகமும் கலைக்கூடங்களும் சேர்த்தார்கள். பழைய கல் கட்டடத்தோடு துருப்பிடித்த நிறத்தில் எஃகுத் தகடுகள். முதல் பார்வைக்கு உறுத்தும், உள்ளே போனதும் மன்னித்துவிடுவீர்கள். அங்கே நிற்கும் பெரிய விசைத்தறியைத் தாண்டி ஓடாதீர்கள். ஊரின் டமாஸ்க் லினன் எனும் பூவேலை நெய்த துணிக்குப் பெயர் வாங்கித் தந்தது கைத்தறி. விசைத்தறி வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்ததால்தான், கார்னெகி குடும்பம் 1848-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதற்கு முன்பே அவருடைய அப்பா வேறு சில நெசவாளிகளோடு கையிலிருந்த புத்தகங்களைச் சேர்த்து, ஊருக்கு ஒரு சின்ன இரவல் நூலகம் நடத்தியிருந்தார். இந்தக் கட்டடத்துக்கு உண்மையான அஸ்திவாரம் அதுதான்.

மூடி தெருவில் அவர் பிறந்த வீடும் இலவசம், இறக்கத்தில் ஐந்து நிமிட நடை. பக்கத்து மடாலயத்தின் பழைய நடுக்கூடத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. கையில் காசு குறைவென்றால் நூலகத்தின் கண்ணாடி வழியாகவே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.