ஐந்து கட்டையும் ஒரு கட்டையும்

1993ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது எனக்குத் தொண்டை போனது.

தடிமன் என்றுதான் அம்மா நினைத்தா. கொத்தமல்லி அவித்துத் தந்தா. இது கொத்தமல்லிக்கு மசிகிற சாமான் இல்லை என்பது மூன்று நாளில் தெரிந்துவிட்டது. மகரக்கட்டு உடைந்துவிட்டது; சின்னப்பிள்ளைக் குரல் போய் ஆம்பிளைக் குரல் வரத் தொடங்கிவிட்டது. ஆண்டு 8இல் படிக்கிற பெடியனுக்கு அது நடக்கிறதுதான். ஆனால் நான் அரிச்சந்திரன்.

விடிய விடிய ஆடுகிற கதையைச் சமூகக்கல்வி சேர் முக்கால் மணித்தியால இசைநாடகமாகச் சுருக்கியிருந்தார். ஆண்டு 6, 7, 8 பிள்ளைகள் மட்டும். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வைரமுத்துவை ஊர் மறந்திருக்கவில்லை. அவர் 1989இல்தான் காலமானார். அரிச்சந்திரன் என்றால் எங்கள் அப்பாமாருக்கு அவர் ஒருவர்தான். கோயில் வீதியில் சாக்கு விரித்து விடியுமட்டும் அவரைப் பார்த்த சனத்துக்கு முன்னால் பதின்மூன்று வயதுப் பெடியனை மயானத்தில் நிறுத்துவது துணிச்சலா விசர்த்தனமா என்று ஆசிரியர் அறையில் கதை நடந்ததாம்.

அதுவரை எல்லோரும் ஐந்து கட்டையில், அதாவது ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையைச் சட்சமாக வைத்துப் பாடினோம். சந்திரமதியும் நானும், பொச்சுத் தாடி ஒட்டிய விசுவாமித்திரரும் (அவரும் பெட்டைதான்). இப்போது மேல் சட்சத்துக்குப் போனால் என் குரல் இரண்டாகக் கிழிந்தது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைந்தவனுக்கு வேசம் போய்விடும் என்று சேர் ஒருநாள் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, ஆயத்தப்படுத்தச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனக்குப் பதிலாக ஆண்டு 7இல் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வகுப்பே அறிந்திருந்தது.

சங்கீத ரீச்சர் என்னை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறக்கினா. நாலு, மூன்று, இரண்டு. ஒரு கட்டையில் குரல் போய் அமர்ந்தது. கரகரப்புத்தான், ஆனால் உடையவில்லை.

"அப்ப மிருதங்கம்?" என்றார் சேர். இருந்தது ஒன்றே ஒன்று, கோயிலில் இரவல் வாங்கியது, ஐந்து கட்டைக்குக் கட்டியது. ஒரு கட்டைக்குத் தக்குச் சுருதியில், அதாவது தாழ்ந்த சுருதியில், ஒலிக்கிற பெரிய மிருதங்கம் வேண்டும். அந்த நாளில் அதற்கு எங்கே போவது?

ரீச்சர் சிரித்தா. "ஒண்டுக்கு அஞ்சு பஞ்சமம்தானே சேர். அது அப்பிடியே நிக்கட்டும்."

பெண்பிள்ளைகளின் சட்சம் எனக்குப் பஞ்சமம், என் சட்சத்திலிருந்து ஐந்தாவது சுரம்; இரண்டும் ஒத்துப்போகும். மிருதங்கத்தைத் தொடத் தேவையில்லை. என் பாட்டு வரும்போது ஆர்மோனியத்தில் கை மாறினால் போதும். கணக்கு இவ்வளவு சுலபம். ஆனால் மயானத்தில் தர்க்கம் வரும். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி தராமல் சுடவிடேன் என்று நான் பாட, சந்திரமதி மறுத்துப் பாட, மாறி மாறி ஆறு தரம். என் அடி முடிந்ததும் பாவம் அவளுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. எனக்கும் அப்படியே. ஒத்திகையில் இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஒரு சுருதியைக் கண்டுபிடித்தோம்.

அங்கேதான் சேர் நெறியாளர் என்பது தெரிந்தது. பாட்டில் அவர் கை வைக்கவில்லை. என் கையில் தடியைத் தந்து, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சிதையைச் சுற்றி ஒரு வட்டம் நடக்கச் சொன்னார். மெதுவாக, ஒரு தாள வட்டத்துக்கு எட்டுக் காலடி. அந்த எட்டுக் காலடிக்குள் ரீச்சர் புதுச் சட்சத்தைக் காதில் போட்டுவிடுவா. சந்திரமதிக்கும் அப்படியே, பிள்ளையின் பக்கத்தில் குந்தி எழும்ப ஒரு வட்டம். பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடின நாட்களில்கூட நான் எட்டு எண்ணிக்கொண்டு இருந்தேன்.

சண்டையில் 1990இல் போன கரண்ட் வந்திருக்கவில்லை. மைக் கிடையாது. பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கினால் மயானம் வரும்போது பொழுது படும், மைம்மல் வெளிச்சமே காட்சிக்குப் போதும் என்பது சேரின் திட்டம். நல்ல திட்டம். பிரதம விருந்தினருக்கு அது தெரியாது. அவர் கல்வியின் பெருமையை ஆதியிலிருந்து தொடங்கினார். திரை விலகியபோதே இருட்டு.

கடனுக்கு வாங்கிய ஒரு மென்டிலோடு பெற்றோல்மாக்ஸ் ஏற்றப்பட்டது. பின்னால் எண்ணெய்த் தகரம் வெட்டி மறைப்பு. நடுக்காட்சியில் விளக்கு மங்கியது. காற்றடிக்க ஆள் ஒதுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் பாடிக்கொண்டிருக்க, விசுவாமித்திரர் தாடியோடு வந்து, குந்தியிருந்து நாலு தரம் காற்றடித்துவிட்டு, ஆசீர்வதிக்கிற மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

லோகிதாசன் ஆண்டு 6. பாம்பு கடித்துச் செத்துக் கிடக்கவேண்டும், வேறொன்றும் இல்லை. ஆனால் ஒத்திகைக்கு ஒரு நாளும் தவறாமல் வந்ததில் அவனுக்கு முழு நாடகமும் பாடம். சந்திரமதி ஒப்பாரி வைக்க, பிணத்தின் வாயும் கூடவே அசைந்தது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி பெரிதாகச் சொன்னா, "பிள்ளைக்குச் சீவன் இருக்கு, பொறடி மோனை, அழாதை!"

இங்கே ரொறன்ரோவில் என் மகள் போன வருடம் மிடில் ஸ்கூல் மியூசிக்கல் ஒன்றில் நடித்தாள். கன்னத்தில் ஒட்டின மைக், கணினியில் ஓடுகிற வாத்தியம், சுருதி மாற்ற ஒரு பொத்தான். நல்ல வசதி. ஒரு பெடியனுக்குக் குரல் உடைந்தபோது பொத்தானை அமத்தி இரண்டு சுரம் இறக்கினார்கள், அலுவல் முடிந்தது. அவன் நின்ற இடத்திலேயே நின்று பாடினான்.

அன்றிரவு அப்பா சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். கன தூரம் பேசவில்லை. ஒழுங்கை முடக்குக்கு வந்தபிறகுதான் கேட்டார்.

"பாட்டு பறவாயில்லை. ஆனா அந்த நடை... ஒவ்வொரு அடிக்கும் முன்னாலை யோசிச்சு யோசிச்சு ஒரு சுத்து. வைரமுத்தரிட்டைக்கூட நான் அப்பிடிக் காணேல்லை. ஆர் சொல்லித்தந்தது?"

"சேர்," என்றேன்.

ஏன் நடந்தேன் என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.