பிரேக் இல்லாத விமானம்

அப்பா பினாங்கு ஃபெர்ரியில் டெக் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவரோடு பட்டர்வொர்த்திலிருந்து வரும்போது, ஜெட்டி நன்றாகத் தள்ளி இருக்கையிலேயே இன்ஜின் சத்தம் இறங்கிவிடும். "தண்ணியில நிக்கணும்னா முன்னாடியே நிறுத்திடணும்பா" என்பார். தாத்தாவுக்கு வேறு கதை. 1938-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னி போன பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கி எழும் விமானங்கள், பினாங்குக் கடலிலும் இறங்கிப் போயின. அதைக் கரையில் நின்று பார்த்தவர் அவர். தண்ணீரில் இறங்கும் விமானம் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கிருந்து வந்ததுதான்.

பயிற்சிக்கு புளோரிடா போனேன். இரட்டை இன்ஜின் தரை விமானத்துக்கான தகுதி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்க விதிப்படி அதோடு நீர் விமானத் தகுதியைச் சேர்க்க எழுத்துத் தேர்வு கிடையாது. பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் வாய்மொழித் தேர்வு, பறந்து காட்டும் தேர்வு. வானத்தில் எல்லாம் பழகியதுதான். கீழே இறங்கினால்தான் புது உலகம்.

இன்ஜினைக் கிளப்பிய நொடியே விமானம் நகரத் தொடங்கிவிடும். தண்ணீரில் பிரேக் இல்லை. மூக்கு எப்போதும் காற்றைப் பார்த்தே திரும்பும். வலப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், வலது இன்ஜினுக்குப் பவர் கூட்ட வேண்டும். இரண்டு இன்ஜின் இருப்பதன் அருமை அங்கேதான் புரிந்தது.

அலையில்லாத கண்ணாடித் தண்ணீர்தான் மிகவும் ஆபத்து. உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. கரையோரமாக வந்து, மூக்கைச் சற்றே தூக்கி, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி பவரை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் எப்போது தொடும் என்று தேடவே கூடாது. விமானத்தைத் தண்ணீரில் தாங்கும் மிதவையின் அடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

எங்கள் விமானத்துக்குச் சக்கரமும் உண்டு. ஏரியில் இறங்க வரும்போது, ஓடுபாதைப் பழக்கத்தில் என் கை சக்கரத்தை இறக்கப் போனது. பயிற்சியாளர் அமைதியாகக் கேட்டார்: "எங்கே இறங்கப் போகிறீர்கள்?" சக்கரம் கீழே இருந்தால் தண்ணீரில் விமானம் குப்புறக் கவிழும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், "தண்ணீரில் இறங்குகிறேன், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஜெட்டிதான். முதல் முறை இன்ஜின்களைத் தாமதமாக நிறுத்தினேன். பயிற்சியாளர் மிதவையில் குதித்து, காலால் ஜெட்டியை உதைத்துத்தான் மோதலைத் தடுத்தார். அடுத்த முறை பயந்து சீக்கிரமே நிறுத்தினேன்; காற்று எங்களை நாணல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. இரவு அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "காத்து எந்தப் பக்கம்?"

அதை நான் பார்க்கவே இல்லை. ஜெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலில் ஜெட்டிக் கம்பத்துக் கொடியைப் பார்த்தேன். பிறகு தண்ணீரில் ஓடிய சிறு வரிகளை. காற்றை எதிர்த்து மெதுவாக வந்தேன். முதலில் இடது இன்ஜினை நிறுத்தினேன். சற்று விட்டு வலது. சத்தம் அடங்கியதும் மிதவையில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. ஜெட்டியில் கட்டியிருந்த பழைய டயரில் மிதவை லேசாகச் சாய்ந்தது. பயிற்சியாளர் கயிற்றை எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கினார்.