காற்று பலமா அடிச்சா ஈயத்தை ஏத்துங்க

மோட்டார் இல்லாத ரிமோட் கிளைடருக்குக் காற்றுதான் பெட்ரோல். அந்தப் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கும் நாளில்தான் நம்மாட்கள் பெட்டியைத் திறக்கப் பயப்படுகிறார்கள். இன்னும் இலேசான ஃபோம் விமானம் ஒன்றை வாங்கினால் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. விஷயம் நேர்மாறானது. காற்று ஏற ஏற விமானத்தின் எடையும் ஏற வேண்டும்.

ஜொகூரின் கோத்தா திங்கியைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மேற்குக் கரையில் மதியம் கிளம்பும் கடற்காற்று பெரும்பாலும் மிதமானது. அங்கே பலமாக அடிப்பது 'சுமத்ரா' என்னும் திடீர் இடிமழைக் காற்றுதான், அதில் பறக்க விடவே கூடாது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராகக் கரைக்கு வருகிறது. முதல் பாதி மழைக்காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இந்த ஊர் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரிக் கடைசிக்குப் பிறகு மழை குறைந்து காற்று மட்டும் நிற்கும். அந்த ஆறேழு வாரம்தான் நம்முடைய சீசன். வானிலைத் துறை கடலுக்குக் கொடுக்கும் பலத்த காற்று எச்சரிக்கையில் முதல் வகை மணிக்கு 40 முதல் 50 கி.மீ. மீனவர் கடலுக்குப் போகாத அந்த நாளில் மேட்டில் பறக்கலாம், தயாராக இருந்தால். இரண்டாம் வகை, அதாவது 50 முதல் 60 என்றால் வீட்டில் இருந்து செர்வோ (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) மாற்றுகிற வேலையைப் பாருங்கள்.

கிளைடரைத் தூக்குவது சரிவில் மோதி மேலே எழும் காற்றுதான். அதனால் இடம் தேடும்போது காற்றைப் பார்த்து நிற்கும் சரிவு வேண்டும், முன்னால் தடை இருக்கக்கூடாது. செம்பனை வளர்ந்து நிற்கும் குன்று உதவாது, மரத்தலைகளே காற்றைக் கிழித்துவிடும். ரீபிளாண்டிங் நடந்த காடுதான் தங்கம். சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை பழைய மரங்களைச் சாய்த்துக் கன்று வைத்ததும், இரண்டு மூன்று வருடத்துக்குக் குன்று மொட்டையாக இருக்கும். கடல் பக்கம், வடகிழக்கு பார்த்த சரிவாக ஒன்று அகப்பட்டால் எஸ்டேட் ஆபீசில் மானேஜரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்வது மட்டும் போதாது. இந்த வட்டாரத்தில் யானை இளங்கன்றுக்கு வரும் என்பதால் சில காடுகளில் மின்வேலி இருக்கும். பச்சைச் சாணம் கண்ணில் பட்டால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் வான்வெளி. தெற்கே சாங்கி, மேற்கே செனாய் என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போகக்கூடாது, விமான நிலைய எல்லைக்குள்ளும் கூடாது. பலமான காற்றில் 400 அடியைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏற விடாமல் பிடித்து வைப்பதும் ஒரு கைவேலைதான்.

மேட்டுக்குப் போனதும் விமானத்தை எடுக்காதீர்கள். இரண்டு மூங்கில் குச்சி, ராஃபியா கயிறு ஒரு மீட்டர். கயிற்றை நாராகக் கிழித்துக் குச்சி முனையில் கட்டி, ஒன்றை மேட்டு விளிம்பிலும் மற்றதை ஐந்தாறு மீட்டர் பின்னாலும் நடுங்கள். விளிம்பில் இருப்பது உங்களைப் பார்த்து நேராகப் பறக்க வேண்டும். பின்னால் இருப்பது சுழன்று சுழன்று சில நேரம் கடல் பக்கமே திரும்பிக் காட்டினால், அந்த இடம் சுழல் காற்று. பின்னால் இருக்கும் குச்சியைத் தள்ளித் தள்ளி நட்டுப் பார்த்தால் சுழல் எங்கே முடிகிறது என்று தெரியும். கூர்மையாக வெட்டிய விளிம்பில் அது நீளமாக இருக்கும், உருண்ட மேட்டில் குறைவு. இறங்கும் இடத்தை இந்தக் கயிறுதான் முடிவு செய்கிறது. காற்று வேகமானியை விளிம்பில் கையை உயர்த்திப் பிடித்து அளக்க வேண்டும். கடற்கரை மணலில் அளந்த 30, மேட்டு விளிம்பில் 40-ஐத் தாண்டி நிற்பது சாதாரணம்.

இப்போது எடைக்கு வருவோம். 1.5 மீட்டர் இறக்கை, சராசரி அகலம் 20 செ.மீ., மொத்த எடை 1.2 கிலோ. பரப்பு 30 சதுர டெசிமீட்டர், ஆகவே ஒரு சதுர டெசிமீட்டருக்கு 40 கிராம். 20 முதல் 30 கி.மீ. காற்றுக்கு இது சுகமான கணக்கு. 40-ஐத் தாண்டினால் மூக்கைக் கடலுக்குக் காட்டிக்கொண்டே விமானம் பின்னால் நகரத் தொடங்கும். மூக்கைக் கீழே அழுத்தி அழுத்தி ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் அது கோழி இறகு மாதிரி துள்ளும்.

500 கிராம் ஏற்றினால் மொத்தம் 1.7 கிலோ, சதுர டெசிமீட்டருக்கு 57 கிராம் வருகிறது. வேகம் எடையின் வர்க்கமூலப்படி கூடும் என்பதால், எல்லா வேகமும் சுமார் 19 சதவீதம் ஏறும். சறுக்கும் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கீழே இறங்கும் வேகமும் அதே 19 சதவீதம் கூடும், ஆனால் அந்தக் காற்றில் மேலே தள்ளும் சக்தி ஏராளம், அது பொருட்டே இல்லை. எஃப்3எஃப் என்னும் சரிவு கிளைடர் வேகப் போட்டியில் 100 மீட்டர் தூரத்தைப் பத்து முறை பறக்கிறார்கள். அங்கே சதுர டெசிமீட்டருக்கு 75 கிராம் வரை விதியே அனுமதிக்கிறது. வினாடிக்கு 25 மீட்டர் காற்று வரை போட்டி நடக்கும். அது நமக்கு அல்ல, திசையைக் காட்டத்தான் சொல்கிறேன்.

ஈயத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாரம் சரியாக சீஜி புள்ளியில், அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் எடை மையத்தில், உட்கார வேண்டும். இந்த அளவு இறக்கைக்கு, வால் உள்ள விமானமென்றால், முன்விளிம்பிலிருந்து 28 சதவீதம், அதாவது 56 மி.மீ. 500 கிராம் அந்தப் புள்ளிக்கு 10 மி.மீ. பின்னால் போய்விட்டால் மொத்த சீஜி சுமார் 3 மி.மீ. பின்வாங்கும். கேட்பதற்கு 3 மி.மீ. சின்னது. வேகத்தில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) தொட்டதும் துள்ளுவது அதனால்தான். சந்தேகமென்றால் 2 மி.மீ. முன்னால் இருக்கட்டும்.

பாரக் குழாய்க்கு மின்கம்பி போடும் 20 மி.மீ. வெள்ளை பிவிசி குழாய் போதும். முதலில் குழாயை வாங்கி உள்ளளவைப் பாருங்கள், பிறகு ஈயத்தை முடிவு செய்யுங்கள். 16 மி.மீ. விட்டம், 22 மி.மீ. நீளம் உள்ள ஈய உருளை ஒன்று 50 கிராம். பத்து உருளைக்கு 220 மி.மீ. குழாய், சீஜிக்கு முன்னால் 110, பின்னால் 110. ஐந்தை மட்டும் ஏற்றும் நாளில் ஐந்தும் நடுவில், இரு பக்கமும் மீதி இடத்துக்கு அளவாக வெட்டிய மரத்துண்டு. குழாயில் எதுவும் ஆடக்கூடாது. ஓர் உருளை உள்ளே நகர்ந்தாலே ஒவ்வொரு குட்டிக்கரணத்திலும் சீஜி மாறும். இரு முனையிலும் பஞ்சு அடைத்துத் திருகு மூடி போடுங்கள்.

உருக்குவதென்றால் தூண்டில் கடையில் விற்கும் ஈயக் குண்டே போதும், 327 டிகிரியில் உருகும். காய்ந்த கடின மரத்தில் 16 மி.மீ. துளை போட்டால் அச்சு ஆயிற்று. 'காய்ந்த' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். வெளியே, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி, நீளக் கால்சட்டை. சமையலறைச் சட்டியைத் தொடாதீர்கள், அதற்குப் பிறகு அது சமையலுக்கு ஆகாது.

ஏற்றிய எடையை இறக்கை தாங்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இறக்கையின் இரு நுனியையும் இரண்டு நாற்காலி மேல் வைத்து, பாரம் ஏற்றிய விமானத்தை நடுவில் தொங்க விடுங்கள். நுனியில் தாங்கும்போது நடுப்பகுதியில் விழும் வளைக்கும் அழுத்தம், சமமாகப் பறக்கும்போது விழுவதைப்போல் இரு மடங்கு. நடுவில் இன்னொரு 1.7 கிலோ (ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலும் கொஞ்சம் ஈயமும்) தொங்கவிட்டால் நான்கு மடங்கு. அதில் முறுமுறு என்று சத்தம் கேட்டாலோ, டேப்பின் விளிம்பு சுருங்கினாலோ அந்த இறக்கைக்குப் பாரம் வேண்டாம். மேலும் கீழும் கார்பன் பட்டை வைத்து ஒட்டுங்கள்.

ஃபோம் இறக்கையில் நார் டேப் ஒட்டுவதற்கு முன் ஸ்பிரே பசை அடிக்காமல் விட்டால், உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இரண்டு வாரத்தில் கழற்றிவிடும். செர்வோவில் உலோகப் பல்லும், தளர்வில்லாத கம்பியும் முக்கியம். எய்லரான் (இறக்கையைச் சாய்க்கும் பின்விளிம்பு மடல்) விளிம்பைக் கையால் ஆட்டினால் அரை மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. பாரத்துடன் பாய்ந்து வரும்போது 'பர்ர்ர்' என்று சத்தம் வந்தால் அது எய்லரான் நடுக்கம். மூக்கை மெதுவாகத் தூக்கி வேகத்தைக் குறையுங்கள், வெடுக்கென்று இழுத்தால் இறக்கை முறியும். எலிவேட்டர் அசைவு 6 மி.மீ. தாண்ட வேண்டாம், எக்ஸ்போ (ரிமோட் குச்சியின் நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். ரிசீவர், ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் மடல்கள் எப்படி நிற்கும் என்ற அமைப்பு), தூர சோதனை எல்லாம் மற்ற விமானத்துக்குச் செய்வதுபோலத்தான்.

எறிவதற்கு இரண்டு பேர் இருப்பது நல்லது. மூக்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழே, இறக்கை சமமாக, நேராகக் காற்றுக்குள். மேல்நோக்கி எறிந்தால் மேலே தூக்கி, தலைக்கு மேலாகப் பின்னால் இருக்கும் சுழலுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடும். 40 கி.மீ. காற்றில் எறியும் வேகமே தேவையில்லை, கையிலிருந்து தள்ளினால் போதும். முதல் 30 மீட்டர் நேராக வெளியே போகட்டும். அதற்குப் பிறகு எல்லாத் திருப்பமும் கடல் பக்கம். மேட்டுப் பக்கம் திரும்பினால் பின்காற்றோடு தரை வேகம் 80, 90-க்குப் போகும். 'வேகமாகப் போகிறதே' என்று எலிவேட்டரை இழுப்பவர்கள்தான் அதிகம். தரை வேகம் எவ்வளவு இருந்தாலும் இறக்கைக்குக் கிடைக்கும் காற்று அதே அளவுதான், இழுத்தால் விழும்.

மதியத்துக்குப் பிறகு பறப்பது கண்ணுக்கும் நல்லது. காலையில் சூரியன் கடல் பக்கம் நின்று கண்ணைக் கூசும், மதியத்துக்கு மேல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடலில் சாம்பல் திரை மாதிரி மழை இறங்குவது தெரிந்தால் அது வந்து சேருவதற்குள் இறக்குங்கள். மேட்டில் ரிமோட்டைப் பிடித்து நிற்கும் ஆளைத்தான் மின்னல் முதலில் பார்க்கும்.

இறக்குவதற்கு மேட்டுக்குப் பின்னால் கொண்டுவருவது மிதமான காற்றில் பழகிய பழக்கம். பலத்த காற்றில் அது சுழலுக்குள் நேராக இறக்குவது. சரிவின் முகத்திலேயே, விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரில் இறக்குவதுதான் நல்ல வழி. சரிவுக்கு இணையாகப் பறக்க வேண்டும், மூக்கு மட்டும் கடல் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கும். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து தரையை நெருங்கும். குரோ (இறக்கை மடல்களை எதிரெதிராகத் திருப்பி வேகத்தைக் குறைக்கும் பிரேக்) இருந்தால் உட்பக்க மடலான ஃபிளாப் கீழே 50 மி.மீ., எய்லரான் மேலே 15, எலிவேட்டர் கீழே 2. தரை ஒரு மீட்டரில் வரும்போது குரோவை மூடாதீர்கள். மூடினால் மறுபடி மேலே தூக்கிவிடும்.

ரீபிளாண்டிங் காட்டில் வரிசைக்கு நடுவே மண்ணை மூட வளர்க்கும் மூக்குனா கொடி முழங்கால் உயரம் படர்ந்திருக்கும். இறங்க மெத்தை மாதிரி. ஆனால் விமானம் அதற்குள் மூழ்கினால் பத்தடி தள்ளி நின்றால்கூடத் தெரியாது. இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு நிறம், ரிசீவரில் தொலைந்தால் கத்தும் பீப்பர் இரண்டும் கட்டாயம். பாம்பு இருக்கும், எஸ்டேட் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குச்சியால் கொடியைத் தட்டிக்கொண்டே நடங்கள்.

வளர்ந்த செம்பனை மீது விழுந்துவிட்டால் பழம் வெட்டும் கம்பைக் கேட்டு வாங்குங்கள். அரிவாளைக் கழற்றிவிட்டு முனையில் கம்பி வளையம் கட்டி, இறக்கையில் மாட்டாமல் உடலில் கொக்கியிட்டு இழுங்கள். மட்டையின் முள் இறக்கைப் படலத்தைக் கிழிக்கும், அது பரவாயில்லை. அலுமினியக் கம்பு மின்கம்பிக்குப் பக்கத்தில் போனால் உயிரே போகும். மேலே கம்பி இருந்தால் விமானத்தை விட்டுவிட்டு ஆபீசில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் இறக்கை, உடல், வால் முழுவதும் துடைத்துக் காய வையுங்கள். செர்வோ இணைப்பில் பச்சைப்பூ (பச்சைத் துரு) பிடிப்பதுதான் கடலோரத்தில் ரிசீவர் அடிக்கடி விட்டுப்போவதற்கான காரணம். இணைப்புகளில் மின்சாரம் கடத்தாத கிரீஸ் சிறிது தடவுங்கள். பாரக் குழாயைத் திறந்து ஈயத்தை வெளியே எடுங்கள், உள்ளே உப்பு ஈரம் தங்கினால் அடுத்த முறை உருளை சிக்கும். காரின் பின்பெட்டியில் வெயிலில் விடாதீர்கள், ஃபோம் இறக்கை முறுக்கிக்கொள்ளும், அதை நிமிர்த்தும் வேலை புது இறக்கை செய்வதைவிடப் பெரியது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், ஈயத்தைத் தொட்ட கை.