விரலில் ஓடும் தங்கூசி

2025 மார்ச் 27, வியாழன்

இரவு தூண்டில் போடப் போன இவர், என் வீட்டுக்காரர், விடிய ஐந்தரைக்கே முல்லைத்தீவு அலம்பில் கரைக்கு வந்துவிட்டார். வழக்கமாக ஏழு மணியாகும். வலது கையைச் சாரத்தின் தொங்கலில் சுற்றிப் பிடித்திருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அந்த ஈரம் கடல் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது.

பெரிய பாரை மீன் ஒன்று இரையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. விட மனமில்லாமல் தங்கூசியை, அந்த ஒற்றை இழை நைலோன் நூலை, இறுக்கிப் பிடித்திருக்கிறார். சுட்டுவிரலின் நடு மடிப்பில் வெட்டு. நான் இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவள். நல்ல கத்தரிக்கோலும் இவ்வளவு நேராக வெட்டாது.

சவர்க்காரம் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். மாமி கோப்பித்தூள் போத்தலோடு ஓடி வந்தா. "வேண்டாம் மாமி, பிறகு டொக்டர் அதைத்தான் முதல்ல தோண்டி எடுக்கவேணும்" என்றேன். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம். இடையில் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. உறைய வந்த இரத்தம் மறுபடி திறந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் ஐந்து தையல், ஒரு ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி. தைப்பதற்கு முன் டொக்டர் விரலை ஒவ்வொரு மூட்டாக மடக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி நுனியின் இரண்டு பக்கமும் தொட்டார். விரலை மடக்கும் நாணும் உணர்ச்சி நரம்பும் அந்த மடிப்புக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றனவாம். விரல் மடங்காவிட்டாலோ நுனி மரத்திருந்தாலோ, காயம் எவ்வளவு சின்னதென்றாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். இவருக்கு இரண்டும் சரி. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். நான் அடுப்படியில் இருந்து அழுதேன்.

மார்ச் 30, ஞாயிறு

நூல் சுற்றிய பலகையை எடுத்து, நூல் முழுவதையும் ஈரத்துணிக்குள் பிடித்து ஓடவிட்டேன். இரண்டு இடத்தில் துணி சிக்கியது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், உராய்ந்து செதில் எழும்பிய இடங்கள். அந்த இடம் விரலில் ஓடினால் வாள் இழுத்த மாதிரித்தான். இரண்டையும் வெட்டி எறியச் சொன்னேன்.

தங்கூசியில் வலை கட்டக் கூடாது என்று 2006 இல் சட்டமே வந்தது. தூண்டிலுக்கு ஓடுவது அதே தங்கூசிதான். மீனின் பாரம் முழுவதும் ஒரு மில்லிமீற்றர் அகலம்கூட இல்லாத கோட்டில் விழுகிறது. இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் வேறு. மீன் ஓடும்போது நூல் சுடவும் செய்யும். பின்னல் நூல் இன்னும் பொல்லாதது. அதே பாரத்தைத் தாங்க அது மெல்லிதாக இருந்தாலே போதும், மெல்லிதென்றால் கூர். தையல் மெசினில் இருக்கிறவளுக்கு இது புதிதில்லை. பொலியெஸ்டர் நூலை விரலில் சுற்றி அறுக்கப் போய் எத்தனை தரம் கீறு வாங்கியிருக்கிறேன்.

2011 இல் முகாமிலிருந்து திரும்பியபோது எங்களிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. இரவல் வள்ளத்தில் ஒரு பலகை தூண்டில் நூலோடு போய்த்தான் இவர் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தார். அந்த நூலைப் பழிக்க எனக்கு வாய் வராது. விரலைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. பிரித்த கையோடு, முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே தம்பியின் வயலில் சிறுபோக வேலைக்குப் போகப் புறப்பட்டார். நான் விடவில்லை. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி இப்படியான வெடிப்பு வழியாக உள்ளே போகும். வயல்காரருக்குச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்புக் குளிசை கொடுப்பது அதற்காகத்தான். "கடல் காயத்தோடை வயலுக்குள்ள இறங்கவேண்டாம். தம்பி கோவிச்சாலும் பரவாயில்லை" என்று சொல்லி மறித்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

வருடப்பிறப்புக்கு முன்பே கையுறை வாங்கிக் கொடுத்திருந்தேன். கட்டிட வேலைக்காரர் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசியது. இரண்டு இரவு போட்டுப் பார்த்தார். இழுக்கும்போது நல்லதாம், நூல் வழுக்காது. "ஆனா கொத்துத் தெரியேல்லையப்பா" என்கிறார்.

அது எனக்கு விளங்குகிறது. இருட்டில், பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கையளவு) தண்ணீருக்குக் கீழே, ஒரு விளைமீன் இரையை வாயால் தட்டிப் பார்ப்பது சுட்டுவிரலுக்குத்தான் தெரியும். கண்ணும் காதும் அந்த நேரம் ஒன்றுக்கும் உதவாது. அந்த விரலை மூடிவிட்டால் பிறகு எதற்குக் கடலுக்குப் போவது?

துணிக் கையுறையை நானே வேண்டாம் என்றேன். தூண்டில் முள் துணியில் மாட்டி, மறு முனையில் மீன் இழுத்தால் கை முள்ளோடு போகும். பிளாஸ்ரர் ஒரு மணித்தியாலத்தில் நனைந்து சுருண்டுவிடுகிறது. தோல் துண்டு தைத்துக் கொடுத்தேன், உப்பில் காய்ந்து பலகையாகிவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

இன்று அளவெடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

முற்றத்து வேம்பில் நூலைக் கட்டி, கடலில் மீன் இழுக்கும்போது பிடிப்பது போலவே பிடிக்கச் சொன்னேன். நீலத் தையல் சோக்கை நூலில் நன்றாகத் தேய்த்துவிட்டு, மற்றப் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தேன். கையை விரித்தபோது நூல் ஓடிய பாதை நீலமாகக் கிடந்தது. சுட்டுவிரலின் முதல் மடிப்பு, நடு மடிப்பு, பிறகு உள்ளங்கையைக் கடந்து சின்னவிரலின் வெளிப்பக்கம். நுனிச் சதையில் சோக் துளிகூட இல்லை. நூல் வெட்டுகிற இடம் வேறு, கொத்தை உணர்கிற இடம் வேறு! இவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சைக்கிள் கடையில் பஞ்சரான பழைய ரியூப் ஒன்று சும்மா தந்தார்கள். வெட்டியதும் உள்ளே இருந்த வெள்ளைப் பவுடர் மடியெல்லாம் கொட்டியது. அதைத் தட்டவில்லை, விரல் உள்ளே போக அது உதவும். முதலில் ஒரே நீளக் குழாயாக வெட்டினேன், விரல் மடங்கவில்லை. பிறகு இரண்டு வளையமாக, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்று, மடிப்பை மட்டும் மூடும் அகலத்தில். மோட்டார்சைக்கிள் ரியூப் தடிப்பு, சரிவரவில்லை. இறுக்கம் சரியா என்று பார்க்க விரல் நுனியை அமத்தி விட்டேன். வெளுத்தது உடனே சிவக்க வேண்டும். முதல் வளையத்தில் சிவக்கச் சுணங்கியது, அதை எறிந்துவிட்டேன்.

வளையங்கள் உருளாமல் இருக்க விரலின் பின்பக்கத்தில் ஒரு ஜீன்ஸ் துணி நாடா வைத்து இரண்டையும் இணைத்தேன். சின்னத் தையல் போட்டால் ஊசித் துளை வழியே ரப்பர் கிழிகிறது. கையாலேயே அகலத் தையல் போட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

அமாவாசை முடிந்த இருட்டு. நேற்றிரவு வளையங்களோடு போனார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார், இனி ஒவ்வொரு நாளும் தர வேண்டும். ஓடுகிற நூல் மோதிரத்தில் மாட்டினால் விரல் தோலையே உரித்துவிடும்.

மாமா வாசலில் இருந்து சொல்லி அனுப்பினார்: "நூலைக் கையில சுத்தாதை. ஓடுற மீனை ஓடவிடு, அது களைக்கும்." அவருடைய இரண்டு சுட்டுவிரலிலும் பழைய பள்ளங்கள் உண்டு, சோறு குழைக்கும்போது பார்ப்பேன். நூல் பாரில் கொழுவினால் கையால் இழுக்காமல் ஒரு கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும், முடிச்சை இறுக்குவதும் அப்படித்தான் என்றார். கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

ஏழு மணிக்கு வந்தார். பதினொரு விளைமீன், ஒரு சின்னப் பாரை. நான் மீனைப் பார்க்கவில்லை, கையைப் பிடித்தேன். நடு வளையத்தில் மயிர் அளவு ஒரு கோடு விழுந்திருந்தது. வளையத்தைக் கழற்றினால் உள்ளே தோல் முழுசாக இருந்தது.

"கொத்துத் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சது."

மே 11, ஞாயிறு

வேர்வையில் தோல் வெளுத்து ஊறுகிறது. கரைக்கு வந்ததும் கழற்ற வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, உள்ளே பவுடர். வெயிலில் போட்ட ஒன்று பிசுபிசுத்துவிட்டது. கோடு ஆழமானதும் எறிந்துவிடுகிறோம்.

ஜூன் 3, செவ்வாய்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அதற்கிடையில் பக்கத்து மீன்வாடியிலிருந்து மூன்று பேர் வந்து விரலை நீட்டினார்கள். மூன்று பேருக்கும் மூன்று அளவு. ஒருவருக்கு நீரிழிவு, விரலில் ஏற்கெனவே ஆறாத கீறு, நுனியில் உணர்ச்சியும் குறைவு. அவருக்கு வளையம் தரவில்லை. இறுக்கினாலும் அவருக்குத் தெரியாதே. முதலில் கிளினிக்கில் காட்டிவிட்டு வாங்கோ அண்ணை, பிறகு தைக்கலாம் என்று அனுப்பினேன்.

இரவு இவரைக் கண் மூடச் சொல்லி, காயப்பட்ட விரலின் நுனியில் ஒவ்வொரு நூலாக இழுத்தேன். தையல் நூல் எது, பொத்தான் நூல் எது, தங்கூசி எது என்று கேட்டேன். மூன்றையும் சரியாகச் சொன்னார். மறுபடி மாற்றி மாற்றி இழுத்தேன். அதையும் சொன்னார்.