ஆள் இல்லாத வீடும் தையல் மோட்டரும்

"வீட்டுக்குச் சென்றோம், பெறுநர் இல்லை." கூரியர் நிறுவனத்தின் இணையத்தளத்தில் என் பார்சலுக்கு எதிரே இப்படித்தான் பதிவாகியிருந்தது. திருகோணமலை நகருக்கு அருகே உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. நான் வீட்டிலேயே தையல் தைப்பவள். நான் எங்காவது போனாலும் அம்மா விறாந்தையில் இருப்பார். அந்த வீட்டில் ஆள் இல்லை என்றால் அயலவர்கள் சிரிப்பார்கள்.

பார்சலில் இருந்தது, கொழும்பு புறக்கோட்டைக் கடையொன்றில் வாங்கிய தையல் இயந்திர மோட்டர். பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டிருந்தேன். பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுப்பதென்றால், அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் கடைக்காரருக்கும் இருக்கும். என்னிடம் அந்தப் பிடி இல்லை. ஆவணிக் கலியாணங்களுக்கான சேலைச் சட்டைகளோ வெட்டியபடி கிடந்தன.

நிறுவனத்தின் தொலைபேசியில் தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தினால் பாட்டுத்தான் கேட்டது. சிங்களத்துக்கு அழுத்தினேன், உடனே எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தியதும் "நாளை வரும்" என்றார்கள். மறுநாளும் அதே பதிவு. இப்படியே போனால் பொதி அனுப்பியவருக்கே திரும்பிவிடும் என்று அந்தப் பெண் சொன்னதும், வாயால் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு மாறினேன்.

கூரியருக்குக் கட்டணம் கட்டி ஒப்படைத்தவர் கடைக்காரர். அவர்களுடைய வாடிக்கையாளர் அவர்தான். நான் வெறும் முகவரி. ஆகவே அவருக்கே எழுதினேன்: பொதி இலக்கம், "ஆள் இல்லை" என்று பதிவான நாளும் நேரமும், அந்த நாளில் என் கைபேசிக்கு வந்த அழைப்புகளின் பட்டியல் படமாக. அதில் அறியாத எண் ஒன்றுகூட இல்லை.

"நாங்கள் ஒப்படைத்துவிட்டோம் அக்கா, இனி அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றார் கடைத் தம்பி.

"நான் கேட்டால் நாளை என்பார்கள் தம்பி. நீங்கள் கேட்டால் அடுத்த மாதம் நீங்கள் அனுப்பப்போகும் பார்சல்களை நினைப்பார்கள்."

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம் என்பதையும் சேர்த்து எழுதினேன். சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மூன்று மாதம் நிறையக் காலம்போலத் தோன்றும். "நாளை, நாளை" என்றே அதைக் கரைத்துவிடுவார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்படி நான் கேட்கவில்லை, கூரியரின் நகரக் கிளையில் வைத்திருக்கும்படி கேட்டேன். பிற்பகலே அழைத்தார்கள். பொதி அங்கிருந்து அசையவே இல்லையாம். நகரிலிருந்து நிலாவெளி வரை ஓட்டுநர் ஒருவர்தான். போய் முடிக்க முடியாத வீடுகளுக்கு "ஆள் இல்லை" என்று போட்டுவிடுவது வழக்கம் என்று அவரே சொன்னார். அந்தப் பையனில் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் துணையாக இன்னொருவரை வைக்காதவர்கள் மீதுதான் கோபம்.

பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. கையொப்பம் இட்ட பிறகுதான் திறக்கலாமாம். சரி என்று, கையொப்பத்துக்குப் பக்கத்தில் "மூலை நசுங்கிய நிலையில் பெற்றேன்" என்று எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய மேசையிலேயே வைத்துத் திறந்தேன். மோட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மிதி உடைந்திருந்தது. அந்த ஒரு வரி இருந்ததால் கடைக்காரர் வாதாடவில்லை, புதிய மிதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால்காரர் வழக்கம்போலப் படலையில் நின்று "அம்மா, கையொப்பம்!" என்று கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூரியர்க் கட்டணத்தை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.