கோ தாவ்: ரூம்ல மிச்சம் புடிச்சத ஸ்கூட்டர்ல விட்ட கதை

தாய்லாந்துல கோ தாவ்னு ஒரு சின்ன தீவு, அங்க போயிட்டு ஊருக்கு வந்து மூணு நாளாச்சு. முதுகுத்தோல் இன்னும் உரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஆனா அதவிட எரியுறது அந்த 2500 பாத் (அந்த ஊர் காசு) தான். அத மொதல்ல கொட்டிடுறேன், இல்லன்னா டிப்ஸ், கிப்ஸ் எதுவும் எழுத வராது.

தீவுல சைரீன்னு ஒரு பீச், அங்க ஒரு நாளைக்கு 250 பாத்னு ஸ்கூட்டர் எடுத்தோம், மூணு நாளைக்கு. கடைக்காரம்மாவுக்கு அப்படி ஒரு சிரிச்ச முகம். சிரிச்சுக்கிட்டே என் பாஸ்போர்ட்ட வாங்கி டிராயர்ல போட்டு பூட்டிட்டாங்க. கடைசி நாள் ராத்திரி 9 மணிக்கு போட், நாங்க ஏழரைக்கு வண்டிய கொண்டு போய் விட்டோம். அந்தம்மா இல்ல. ஒரு பையன் செல்போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு வண்டி முன்னாடி குத்த வச்சு உக்காந்தான். நகைக்கடைல கல்லு பாக்குறவன் கூட அவ்வளவு உத்துப் பாக்க மாட்டான். முன்சக்கரத்துக்கு மேல மட்கார்டு ஓரத்துல, கீழ இருந்து குனிஞ்சு பாத்தாதான் தெரியும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். 4000 பாத்ன்னான். நாங்க போடல, அது ஏற்கனவே இருந்துச்சுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தோம், அவன் ஒரு லேமினேட் பண்ண அட்டைய எடுத்து நீட்டுறான், அதுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு ரேட்டு போட்டு ரெடியா வச்சிருக்காங்க. டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155, எனக்குத் தெரியும், கூப்பிடுறேன்னும் சொன்னேன். கூப்பிட்டுக்கோன்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டான். அவனுக்கு நல்லா தெரியும், எங்களுக்கு போட் இருக்கு, பாஸ்போர்ட் அவன் டிராயர்ல இருக்கு. 2500ல முடிச்சோம். நம்ம காசுக்கு 6500 ரூபாய்க்கு மேல. நாலு நாள் ரூம் வாடகைல என் பங்கு அதுல பாதி கூட வரல.

அதனால ஸ்கூட்டர் எடுக்குறவங்க இத மட்டும் கேட்டுக்கோங்க. பாஸ்போர்ட்ட குடுக்காதீங்க, டெபாசிட்டா பணம் வாங்கிக்குற கடைகளும் இருக்கு, நாலு கடை ஏறி இறங்குங்க. எடுக்குறப்பவே கடைக்காரங்க முன்னாடி நின்னு வண்டிய சுத்தி வீடியோ எடுங்க, மட்கார்டு, மிரர், வண்டிக்கு அடிப்பக்கம் எல்லாம் சேத்து. நான் போட்டோ எடுத்தேன், நாங்க ரெண்டு பேரும் வண்டில சாஞ்சு போஸ் குடுத்த போட்டோ. முக்கியமா போட்டுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கப்ப வண்டிய திருப்பிக் குடுக்காதீங்க, காலைலயே குடுத்துட்டு மிச்ச நாள் நடங்க. அவசரம்னு தெரிஞ்சா ரேட்டு ஏறும்.

இன்டர்நேஷனல் லைசென்ஸும் வேணும், நம்ம ஆர்டிஓல 1000 ரூபாய் கட்டுனா குடுத்துடுவாங்க, அதுல பைக்குக்கும் முத்திரை இருக்கான்னு பாத்துக்கோங்க. அது இல்லாம விழுந்து வச்சா டிராவல் இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். விழுறது அங்க சாதாரணம். தீவே மொத்தம் 21 சதுர கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல பூரா மலை, சில ஏத்தத்துல பின்னாடி உக்காந்திருக்கவன் இறங்கி தள்ளணும். சைரீ தெருவுல பாத்தீங்கன்னா பத்துல ரெண்டு வெள்ளக்காரன் முட்டில கட்டு போட்டுக்கிட்டு நொண்டிக்கிட்டு போறான். சைலன்சர்ல கால் சுட்டுக்கிட்ட தழும்புக்கு 'தாய் டாட்டூ'ன்னு பேரே வச்சிருக்காங்க.

சரி, மொதல்லருந்து வர்றேன். பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேத்துப் போட்டு நானும் காலேஜ் பிரெண்டும் கிளம்புனோம், அவன் சுத்த சைவம், அந்தக் கதை தனியா வருது. எங்கள விசா இல்லாமதான் விட்டாங்க, அந்த ரூல் அப்பப்ப மாறும், போறப்ப செக் பண்ணிக்கோங்க. தாய்லாந்துக்குள்ள போக டிடிஏசின்னு ஒரு ஆன்லைன் பாரம், 2025 மே மாசத்துலருந்து எல்லாரும் போட்டாகணும், லேண்ட் ஆகுறதுக்கு முன்னாடி மூணு நாளைக்குள்ள போடணும், அது ஃப்ரீ. காசு கேட்டா அது டூப்ளிகேட் சைட்டு, வெளிய வந்துடுங்க.

பாங்காக்லருந்து, தீவுக்கு போட் ஏறுற ஊரான சும்போனுக்கு ட்ரெயின் இருக்கு, ஸ்லீப்பர்ல நிம்மதியா படுத்துட்டே போகலாம். நாங்க போறப்ப டிக்கெட் இல்ல, முன்னாடியே போட்டிருக்கணும், போடல. அதனால பாங்காக் காவ் சான் ரோட்ல ஒரு ஏஜென்ட்கிட்ட பஸ்ஸும் போட்டும் சேந்த டிக்கெட். அய்யோ அந்த பஸ்ஸு. ஏசி இல்ல அது, ஐஸ் பேக்டரி. போர்வைன்னு ஒண்ணு குடுத்தாங்க, தோள மூடுனா கால் தெரியுது, கால மூடுனா தோள் தெரியுது. நான் பேக்ல இருந்த லுங்கிய எடுத்து தலையில சுத்திக்கிட்டேன், பக்கத்து சீட்டு ஜெர்மன் பொண்ணு பொறாமையா பாத்துச்சு. நடுராத்திரி ஒரு கொட்டகைல நிறுத்துனான், நம்ம ஹைவே மோட்டல் கதைதான், அதே ஆறிப்போன சாப்பாடு அதே டபுள் ரேட்டு, டிரைவருக்கு மட்டும் தனி மேசைல சுடச்சுட. காசு, பாஸ்போர்ட், போன எல்லாம் மடிலயே வச்சுக்கோங்க, கீழ டிக்கில போடுற பேக்ல வைக்காதீங்க, தூங்குறப்ப டிக்கில ஆள் படுத்து நோண்டுறதுங்குறது இந்த ரூட்ல பழைய கதை.

விடியுறதுக்கு முன்னாடி சும்போன் பக்கத்துல ஜெட்டில இறக்கிவிட்டு சட்டைல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. கோ தாவுக்கு ஒரு கலர், பக்கத்து தீவுங்க கோ பங்கனுக்கு ஒரு கலர், சாமுய்க்கு ஒரு கலர். பார்சல் மாதிரிதான், பேச்சே கிடையாது, ஸ்டிக்கர பாத்து கைய காட்டுவாங்க. அப்புறம் ஸ்பீட் போட்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீவு. ஜனவரில அந்தக் கடல் இன்னும் முழுசா அடங்கல. நமக்கு ஐப்பசி கார்த்திகைல மழை கொட்டுது பாருங்க, அதே வடகிழக்குப் பருவக்காத்துதான் அங்கயும். நவம்பர்ல கோ தாவ், சாமுய் பக்கம் போயிடாதீங்க, செம மழையா இருக்கும். அந்தமான் கடல் பக்கம் இருக்க புக்கெட், கிராபில அப்ப மழைக்காலம் முடிஞ்சுக்கிட்டு இருக்கும். போட் கிளம்புறப்ப கருப்பு கவர் குடுத்தாங்க, எதுக்குடா இதுன்னு கிண்டல் பண்ணவன் என் பிரெண்டு, அர மணி நேரத்துல என் கவரையும் சேத்து வாங்கிட்டான்.

மே ஹாட் ஜெட்டில இறங்குன உடனே டாக்சிக்காரங்க. சைரீ அங்கருந்து ரெண்டு கிலோமீட்டர், அதுக்கு ஆளுக்கு 150 கேட்டாங்க, பேரம் பேசுனா மூஞ்சியக் கூட திருப்ப மாட்டேங்குறாங்க. பிக்கப் வண்டி, பின்னாடி பெஞ்சு, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேந்தாதான் கிளம்பும். நாங்க நடந்துட்டோம். கடலோரமா ஒரு நடைபாதை இருக்கு, அர மணி நேரம், வேர்த்துக் கொட்டுச்சு, ஆனா 300 பாத் மிச்சம். அந்த பெருமைல ரெண்டு நாள் திரிஞ்சோம், அப்புறம் மேல சொன்ன கீறல்.

ரூம் விஷயத்துல நாங்க கெட்டிக்காரங்க. பீச்ச ஒட்டி எடுக்கல, பாரெல்லாம் அங்கதான், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தொம் தொம்னு நெஞ்சுல இடிக்கும். மெயின் ரோட்டத் தாண்டி மேட்டுப் பக்கமா ஃபேன் ரூம் 500 பாத், ரெண்டு பேருக்கு. கொசுவலை, வெளிய ஒரு ஊஞ்சல் துணி, ஒரு பல்லி, அது சும்மா பல்லி இல்ல, டோக்கே டோக்கேன்னு ராத்திரி பேர் சொல்லி கத்துற சைசு. மொத நாள் என் பிரெண்டு லைட்ட அணைக்கவே விடல. டைவிங் கோர்ஸ் படிக்க வர்றவங்களுக்கு ஸ்கூல்லயே டார்ம் ஃப்ரீயாவோ பாதி விலைக்கோ குடுக்குறாங்க, அது நல்ல டீலு. தீவுக்கு ஏகப்பட்ட கூட்டம் டைவிங்குக்குன்னே வருது, கோர்ஸ் பத்தாயிரம் பாத் பக்கம், மத்த நாட்ட விட கம்மின்னு சொல்றாங்க. எனக்கு அதுவே அதிகம். 100 பாத்துக்கு தண்ணிக்குள்ள பாக்க கண்ணாடியும் மூச்சு விட குழாயும் வாடகைக்கு எடுத்து தெக்கு பக்கம் ஷார்க் பேல இறங்குனேன். துடுப்பு நுனில கருப்பு மை தொட்ட மாதிரி ஒரு குட்டி சுறா எனக்கு கீழ போச்சு. ஆள கடிக்காதுன்னு எல்லாரும் சொல்லிதான் அனுப்புனாங்க, ஆனா நான் கரைக்கு வந்த வேகம் இருக்கே.

நாங் யுவான் தீவும் போனோம், மூணு குட்டி தீவ மணல் திட்டு சேத்து வச்சிருக்கும், போஸ்ட்கார்டுல பாத்திருப்பீங்க. போட்டுக்கு தனி, உள்ள போக தனி, பிளாஸ்டிக் பாட்டில் உள்ள விட மாட்டாங்க. அழகுதான், ஆனா கூட்டம். காலைல மொத போட்டுல போங்க, மத்தியானம் போனா தீபாவளி தி.நகர்.

சாப்பாடு. இதுக்காகவே திரும்ப போவேன். சைரீ பீச்ல மெழுகுவர்த்தி வச்ச மேசைல உக்காந்தா 250, 300. உள் ரோட்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள எட்டு பத்து சட்டி வச்சிருக்க கடை இருக்கும், காவ் கேங்னு சொல்றாங்க, கைய காட்டுனா சோத்து மேல ஊத்துவாங்க, ரெண்டு குழம்பு வச்சு 70 பாத். மஞ்சக் கலர்ல ஒரு மீன் குழம்பு, கேங் சோம், புளிப்பும் மஞ்சளும் காரமும், எண்ணெயே இல்ல, தேங்காயும் இல்ல. மொத வாய் வச்சதும் எங்க அம்மா காய்ச்சல் அன்னைக்கு வைக்கிற புளித்தண்ணி ரசம் ஞாபகம் வந்துச்சு, அடுத்த செகண்டு காரம் காதுல ஏறுச்சு. காரம் நமக்கு ஜுஜுபின்னு நெனச்சுப் போகாதீங்க, தெக்கு தாய்லாந்து காரம் வேற. தட்டு நிறைய பச்சை வெள்ளரிக்கா, கீரை, ஏதேதோ இலைன்னு ஃப்ரீயா வைக்கிறாங்க, அது அலங்காரத்துக்கு இல்ல, காரத்துக்கு மருந்து. நாலு நாள்ல அஞ்சு தடவ அங்க சாப்டேன்.

சைவப் பிரெண்டுக்கு மொத நாள் நரகம். காய்கறி மட்டும்னு சொன்னா தலையாட்டுறாங்க, காய்தான் போடுறாங்க, மேல மீன் சாஸ ஊத்துறாங்க. அவங்களுக்கு அது உப்பு மாதிரி, மீன்ல சேராது. 'ஜே'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அத சொல்லுங்க. மஞ்சக் கொடில செவப்பா 17ன்னு எழுதுன மாதிரி தெரியும், அதுதான் அந்த எழுத்து. மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது, ஜெயின் சாப்பாடு கணக்கா. கொடி இல்லாத கடைன்னா 'மாய் சாய் நாம் ப்ளா', மீன் சாஸ் வேணாம். இத மனப்பாடம் பண்ணதுக்கு அப்புறம்தான் அவன் மூஞ்சில சிரிப்பு வந்துச்சு.

அப்புறம் ரொட்டி வண்டி. பேருதான் ரொட்டி, அது நம்ம வீச்சு பரோட்டாவேதான். ஒரு பாய் உருண்டைய எடுத்து எண்ணெய் தேச்ச தகரத்துல தட்டி, ரெண்டு வீசு வீசுனாரு பாருங்க, கண்ணாடி மாதிரி மெலிசா விரிஞ்சு வந்துச்சு. மதுரைக்காரன் எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. நடுவுல வாழப்பழத்த நறுக்கிப் போட்டு நாலா மடிச்சு, மார்கரின்ல பொரிச்சு, துண்டு துண்டா வெட்டி மேல மில்க்மெய்டு. 40 பாத். சால்னா ஊத்துனா எப்படி இருக்கும்னு சைகைல கேட்டேன், அவரு வேணுமான்னு சாக்லேட் சாஸ எடுத்துக் காட்டுனாரு.

காசு எடுக்குறத பத்தி ஒண்ணு. ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 220 பாத் புடிச்சான், ஆயிரம் எடுத்தாலும் அதேதான், அதனால மொத்தமா ஒரே தடவ எடுங்க. ரூபாய்ல கணக்கு போடவான்னு மெஷின் கேக்கும், வேணாம்னு சொல்லிடுங்க, அவன் ரேட்டு கொள்ளை. எல்லா கடைலயும் க்யூஆர் கோடு தொங்குது, ஆசையா ஜிபேய திறந்தேன், எனக்கு வேலை செய்யல.

சைரீ தெக்கு கோடில ஒரு பாறை இருக்கு, ராஜா சுலலாங்கோன் 1899ல வந்தப்ப தன் பேரோட முதலெழுத்துகள செதுக்க வச்சது, இப்ப மாலை போட்டு கும்புடுறாங்க. 1933லருந்து 1947 வரைக்கும் இந்தத் தீவு அரசியல் கைதிகளுக்கு ஜெயிலா இருந்துச்சாம். இப்ப காசு குடுத்து வர்றோம்.

திரும்புறப்ப மெயின்லேண்ட்ல இருக்க சூரத் தானிக்கு நைட் போட். பஸ்ஸுக்கு இது சொர்க்கம். கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஜமக்காளம் விரிச்ச மாதிரி வரிசையா மெத்தை, ஒவ்வொண்ணுக்கும் நம்பர், இந்தப் பக்கம் என் பிரெண்டு, அந்தப் பக்கம் முட்டில கட்டு போட்ட ஒரு ஆளு. இன்ஜின் சத்தத்துல தூக்கம் சொக்குது. இவன் மட்டும் போன்ல என்னத்தையோ தட்டிக்கிட்டே இருந்தான்.

"மாப்ள, 2500 பாத்துக்கு அறுபத்திரெண்டரை ரொட்டிடா."

நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்.